முள் நறுக்காத பூச்சி

ஜூலை வந்தால் எங்கள் ஆறு சூடாகிவிடும். மதியம் இரண்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது என்று கரையில் பலகை நட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் மான்டானாவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சூடான தண்ணீரில் டிரவுட் மீனுக்கு மூச்சு போதாது. தூண்டிலில் மாட்டிப் போராடினால், திரும்ப விட்டாலும் பிழைக்காது. அந்தப் பலகைக்காக ஊர்க்கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். ஆனால் பூச்சிகளுக்குச் சட்டமா தெரியும்? வெயில் தாழ்ந்த பிறகுதான் அவை தண்ணீரிலிருந்து கிளம்பும். மீனும் அப்போதுதான் மேலே வரும்.

இது என் கடைசிக் கோடை. என் நுரையீரலைப் பார்த்த டாக்டர், வரப்போகும் கிறிஸ்துமஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம், தூண்டில் முள்ளில் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சியை நான் வீச, அதை ஒரு மீன் வந்து கவ்வுவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"முள்ளை நறுக்கிட்டுக் கட்டு, வெண்டெல்," என்றேன் கணவனிடம். முடிச்சுப் போட என் விரல்களில் இப்போது பலமில்லை. "கவ்வட்டும், துப்பட்டும். மாட்டக் கூடாது."

"நறுக்கிட்டேன், நறுக்கிட்டேன். நாப்பது வருஷமா பண்ற அதிகாரத்தை இன்னைக்காவது நிறுத்தேன்."

"நீ ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடு, நிறுத்தறேன்."

முழங்கால் தண்ணீரில் அவன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, வீசினேன். பெரிய மீன் ஒன்று எழும்பிக் கவ்வியது. துப்பவில்லை. தூண்டில் கோல் வளைந்தது. ஒரு கணம் சின்னப் பெண்போல் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, முள்ளை அவன் நறுக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். திருடி மாட்டியவன்போல் நின்றான்.

"உனக்கு ஒண்ணே ஒண்ணு கிடைக்கட்டும்னுதான், மேவிஸ்."

வந்த ஆத்திரத்துக்கு அவனை ஆற்றில் தள்ளியிருப்பேன். முதலில் மீனைப் பார்க்க வேண்டியிருந்தது. வேகமாக இழுத்து, முள்ளை எடுத்து, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். செவுள் இரண்டு முறை மெதுவாகத் திறந்தது.

"விட்டுடாதே," என்று என் கைமேல் கை வைத்தான் வெண்டெல். "இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ. மூச்சு வந்துடும். வந்துடும்."

குரல் உடைந்துபோயிற்று. அவன் மீனைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மீன் செத்துவிட்டது. இந்த ஆற்றைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவன் கையை விலக்கி, அவனுக்கு மறைவாகத் திரும்பி, அதை ஆழத்துக்குத் தள்ளிவிட்டேன்.

"போயிட்டானா?"

"வாலை ஒரு ஆட்டு ஆட்டிட்டு ஓடிட்டான்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "நான் சொன்னேன்ல. அடுத்த கோடைக்கும் வருவோமா?"

"வருவோம்," என்றேன்.