சுடலைமணியின் டிரில்லிங் மிஷின்

வேலையை முடிக்காத வீட்டில் தன் மிஷினை விட்டுப்போவது கான்ட்ராக்டர் சுடலைமணியின் வழக்கம். அதைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். வேறு ஆளைக் கூப்பிடவும் மனசு வராது. மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் டைல்ஸ் வெட்டும் மிஷின் மூன்று வாரமாகச் சும்மா கிடந்தது. பக்கத்தில் பாதி கட்டிய பாத்ரூம்.

எனக்கு அது வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தாக வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் வீட்டுக்காரர் தாவூது அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். வாக்கரைப் பிடித்து நடப்பார், மாடி ஏற முடியாது. ஒரு மாதமாக அவருக்கு எல்லாமே நான்தான். ஒருநாள் நான் பெட்பேனை எடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனா பாத்ரூமுக்கு நான் தனியாப் போவணும், நஃபீஸத்."

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிடச் சுடலைமணி மேல் கோபம் வந்தது.

திங்கட்கிழமை காலை அவனுக்குப் போன் போட்டேன். கங்கைகொண்டானில் பெரிய வேலையில் நிற்பதாகவும் நாளைக்குக் கட்டாயம் வருவதாகவும் சொன்னான். பத்து நிமிடம் கழித்து, பாத்ரூம் சுவரில் மாட்டப் பிடிகம்பி வாங்கிவைக்கவா என்று கேட்க மறுபடி கூப்பிட்டால் ஒரு அம்மா எடுத்தார். போனைத் தன் அடுக்களையில் சார்ஜ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். சிந்துபூந்துறை என்றார்.

அவர் காமாக்ஷி, ஓய்வுபெற்ற டீச்சர். ஒரு மாதமாக அடுப்பை ஹாலில் வைத்துச் சமைக்கிறார். அவர் வீட்டில் கிடந்தது டிரில்லிங் மிஷின். என் பாத்ரூமில் கம்பி மாட்ட அது வேண்டும். அவர் அடுக்களைக்கு என் வீட்டு மிஷின் வேண்டும். இங்கே கேட்டால் அது அங்கே, அங்கே கேட்டால் இது இங்கே என்று இரண்டு பேருக்கும் காது குத்தியிருக்கிறான்.

இரண்டு மிஷினும் ஒரே வீட்டில் இருந்தால் அவனும் அங்கேதான் இருந்தாக வேண்டும் என்றேன். எந்த வீடு என்று கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. தாவூது வருவதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

"முதல்ல உங்காத்துக்காரர் வரட்டும். என் அடுக்களை எங்கயும் ஓடிப்போகாது" என்றார் டீச்சர்.

அரை மணி நேரத்தில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே சுடலைமணியும் வந்தான். ஒரு அவசர வேலை, டிரில்லை மட்டும் கொடுத்தால் சாயங்காலம் திருப்பித் தருவதாகக் கெஞ்சினான்.

"மிஷின் எங்கயும் போவாது. காலைல எட்டு மணிக்கு நீதான் இங்கன வரணும்" என்றேன்.

டீச்சரைப் பார்த்தான். மறுநாள் எட்டு மணிக்கு வந்து நின்றான்.

வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். மூன்றே நாளில் முடித்தான். வியாழக்கிழமை மாலை, மாடிக் குழாயையும் மாற்றிவிடலாமா என்று அவனே கேட்டான். எனக்கு ஆசைதான். ஆனாலும் இரண்டு மிஷினையும் ஆட்டோவில் ஏற்றி, கூடவே அவனையும் ஏற்றிச் சிந்துபூந்துறைக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் தாவூது வந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேரே பாத்ரூமுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கம்பியைப் பிடித்துத் திரும்பி, போ என்று கையசைத்துக் கதவைச் சாத்தினார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. என் சண்டையெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான்.