ஐந்தாம் பீரியட் மழை

தகரக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை. அதன் வழியே வெயில் இறங்கி வந்து மூன்றாவது பெஞ்சின் மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த ஐந்தாம் பீரியடில், பத்தாம் வகுப்பில் முழித்திருந்தது அந்த வட்டம் ஒன்றுதான்.

மற்றதெல்லாம் சாய்ந்துவிட்டது. நாற்பத்தொரு தலை. பாதித் தூக்கம் சத்துணவுச் சாம்பாரால் வந்தது. மிச்சத்தை வெக்கை பார்த்துக்கொண்டது.

கணக்கு டீச்சர் இசக்கியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாக்பீஸை எடுத்தாள். வைத்தாள். சன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். வகுப்புத் தலைவி முப்பிடாதி பலகை மூலையில் 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே பேர் எழுதக் காத்திருந்தாள். யார் பேசினார்கள்? அவளே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் வரை டீச்சரிடம் ஒரு வழி இருந்தது. இருபது நிமிடம் கணக்கு. பிறகு இரண்டே இரண்டு நிமிடம். எல்லாரும் எழுந்திரு, கையை உதறு, காலை உதறு, பெஞ்சு மாறி உட்கார். அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த முகங்களை! குழாயடியில் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். விட்ட இடத்தில் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் பிள்ளைகள் குதித்தால் சத்தம் வராதா? வந்தது. பக்கத்து ஒன்பதாம் வகுப்புக் குருசாமி சார் நேரே பெரிய சாரிடம் போய்ப் பற்றவைத்துவிட்டார்.

பெரிய சார் கூப்பிட்டு அனுப்பினார். தலைமையாசிரியரை அந்தப் பள்ளியில் அப்படித்தான் சொல்வார்கள்.

"டீச்சர், ஒங்கள தற்காலிகமாத்தான் போட்டிருக்கோம். இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சுன்னா அன்னைக்கே கடைசி நாள். பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டாள். மூன்று நாள் பார்த்துக்கொண்டாள். மூன்று நாளும் வகுப்பு தூங்கியது. பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கண்ணெதிரே இந்தப் பிள்ளைகள் கணக்கில் கோட்டை விடப்போகிறார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். இவர்களை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

இருப்புக் கொள்ளவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கையும்தான்.

அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய ஒரு விரல், அவள் சொல்லாமலே, உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தது.

வாயில் விரலை வைத்துக் காட்டினாள். பேச்சு மூச்சு கூடாது. பிறகு உள்ளங்கையைத் தூக்கி, ஒரு விரலால் தட்டினாள். முப்பிடாதி பார்த்தாள். அவளும் தட்டினாள். முன்பெஞ்சு தட்டியது.

டப். டப். டப்.

இரண்டு விரல். தூறல். மூன்று விரல். தூறல் வலுத்தது. கடைசிப் பெஞ்சில் கவிழ்ந்து கிடந்த அந்தோணிராஜ் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். கூரையைப் பார்த்தான். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்து, அவனும் சேர்ந்துகொண்டான்.

நான்கு விரல். இப்போது மழை. முழு மழை. தகரக் கூரை அதை வாங்கி இரண்டாக்கித் திருப்பிக் கொடுத்தது. எட்டு மாதமாக ஒரு சொட்டுப் பார்க்காத ஊர் அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனம் வரவில்லை. தொடையில் தட்டிக் காட்டினாள். எண்பத்திரண்டு கைகள் தொடையில் இறங்கின. அடைமழை.

"ஏ, மழ! மழ வந்துட்டு!"

சமையலக்கா செல்லத்தாயின் குரல் அது. முற்றத்தில் காயப்போட்ட மிளகாய் வற்றலை அள்ள, முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். அவள் குரல் கேட்டுப் பெரிய சாரும் ஓடிவந்தார், ஸ்கூட்டர் சீட்டை மூட. கொளுத்துகிற வெயிலில் குடையை விரித்துக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றார். பொட்டு மேகம் இல்லை.

இசக்கியம்மாள் சன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள். கையை உயர்த்தினாள். மழை நின்றது.

வாசலில் பெரிய சார். கையில் குடை.

"யாரு சத்தம் போட்டது?"

முப்பிடாதி எழுந்தாள். "யாரும் பேசல சார்."

பலகையைக் காட்டினாள். 'பேசியவர்கள்.' கீழே ஒரு பேர் இல்லை. முப்பது வருடமாக அந்தப் பட்டியலை வைத்துத்தான் அவர் பள்ளிக்கூடத்தையே நடத்துகிறார். பலகையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு கண்கூடச் சொருகியிருக்கவில்லை. ஐந்தாம் பீரியடில் அவர் இதைக் கண்டதே கிடையாது.

"பாடத்த நடத்துங்க. பொறவு பேசுவோம்."

பொறவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? பலகையில் கணக்கு கோணலாக விழுந்தது. இன்றோடு சரி என்றால் இந்த ஒரு கணக்காவது முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள். "இதோட காரணிய யாருல சொல்லுவா?" என்றாள். இருபது கை உயர்ந்தது. அந்தோணிராஜின் கையும் அதில் இருந்தது.

அவன் வாய் திறப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம்.

டப். டப்.

ஒன்பதாம் வகுப்பில் தூறல் போட்டது. அட, பற்றவைத்த அதே குருசாமி சார் வகுப்பில்!

திரும்பிப் போய்க்கொண்டிருந்த பெரிய சார் முற்றத்தில் நின்றார். ஒன்பதாம் வகுப்பை எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒரு தலைகூடச் சாய்ந்திருக்கவில்லை. குடையை மடக்கவும் மறந்து, திரும்பி வந்து பத்தாம் வகுப்புச் சன்னலோரம் நின்றார். இசக்கியம்மாள் சாக்பீஸை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்."

"சார்."

"நாளைக்கு எத்தன மணிக்கு மழன்னு காலையிலயே செல்லத்தாய்ட்ட சொல்லிருங்க. வத்தல அள்ளிக்கிட்டு ஓடியே சாவா போலிருக்கு."

நாளைக்கு என்றார்.

இசக்கியம்மாள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் பார்க்க அழக் கூடாது.