எதிரில் போடாத கையெழுத்து

முனிரத்தினத்துக்குச் சாட்சிக் கையெழுத்து என்பது வெற்றிலை போடுகிற மாதிரிதான். ஸ்ரீபெரும்புதூர் பதிவு ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதிய கோதண்டராமன் அவனுக்குச் சிநேகிதர். வாரநாட்களில் இவன் கம்பெனி பஸ் ஏறி அம்பத்தூருக்குப் போய்விடுவான் என்பதால், ஞாயிற்றுக்கிழமையே இருபது வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். மேலே யார் வந்து எதை எழுதினாலும் கீழே நம்ம ஆள் தயார். ஒரு டீ, இரண்டு வடை, வேலை முடிந்தது. இதில் தப்பு இருக்கும் என்று அந்த மகானுபாவன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்படி ஒரு தாளில்தான் வல்லத்துத் தேவராஜன் 1988-இல் தன் உயிலை எழுதிக் கைநாட்டு வைத்தார். பிள்ளை இல்லாதவர். தாயில்லாக் குழந்தையாக வந்த சரோஜாவை எடுத்து வளர்த்தார். முறைப்படி தத்து எடுக்கவில்லை. உயில் இல்லாவிட்டால் வீடு அண்ணன் மகன் ரகுபதிக்குப் போய்விடும், அவளுக்கு நிற்க நிழல் இருக்காது.

ஒரு வாரம் கழித்து, காலை ஆறரை மணிக்கு, அவர் பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார். எழுதியவர் கண்ணெதிரே சாட்சி கையெழுத்துப் போட்டால்தான் உயில் நிற்கும் என்று காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லியிருந்தானாம். மஞ்சள் பையிலிருந்து உயிலையும் மைப்பெட்டியையும் எடுத்து, முழங்காலில் வைத்து இன்னொரு முறை கைநாட்டு வைத்தார். வேட்டியில் மை படாமல் கட்டை விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தாளை நீட்டினார்.

"என் எதிர்ல ஒரு தபா போட்டுடு முனிரத்தினம்."

திருப்பத்தில் பஸ் தெரிந்தது. லேட்டானால் அரை நாள் போச்சு.

"ஏற்கெனவே போட்டதுதானே பெரிப்பா. பஸ் வந்துடுச்சி."

"சரிப்பா, நாளைக்கு வரேன்," என்று பெரியவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரியே மாரடைப்பில் போய்விட்டார்.

முனிரத்தினம் சாவுக்குப் போனான், மாலை போட்டான், மறந்துவிட்டான். ரகுபதி கேஸ் போட்டு, உயிலில் இன்னொரு சாட்சியான கோதண்டராமனும் இறந்து, மிச்சமிருக்கும் ஒரே சாட்சி நீதான் என்று 1991-இல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் தேவராஜன் நின்றார்.

அதே வேட்டி, அதே மஞ்சள் பை, தள்ளிப் பிடித்த நீலக் கட்டை விரல். பக்கத்தில் நின்றவர்கள் ஆட்டோக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்கள்; யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் முனிரத்தினத்திடம் தாளை நீட்டினார். பஸ் வந்தது. தாளை மடித்தார். "சரிப்பா, நாளைக்கு வரேன்." சொன்னபடியே மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். குன்றத்தூர் மலையேறி முருகனுக்கு மொட்டை போட்டும் பார்த்தான். மொட்டைத் தலையோடு நின்றவனுக்கும் அவர் தாளை நீட்டினார்.

வழக்குக்கு முந்தின சாயங்காலம் சரோஜா வீடு தேடி வந்தாள். பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சப் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் கெஞ்சவே இல்லை.

"எனக்கு பயமே இல்லண்ணா. அன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாப்புலேர்ந்து வந்ததும் அப்பா சொல்லிச்சு, 'முனிரத்தினம் என் எதிர்லயே போட்டுட்டான், இனிமே உன்னை ஒர்த்தனும் அசைக்க முடியாது'ன்னு. அந்தத் தெம்புலதான் அன்னிக்கு ரெண்டு வாய் நல்லா துன்னுச்சு."

அவள் போனபிறகு முனிரத்தினம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் செத்துப்போன மனிதனை நினைத்தால் யாருக்குத்தான் ஆறும்? பயத்தைவிட வெட்கம்தான் அவனை அதிகமாகப் பிடுங்கித் தின்றது.

கோர்ட்டில் ரகுபதியின் வக்கீல் உயிலைத் தூக்கிக் காட்டினார். கைநாட்டு இரண்டு, உன் கையெழுத்து மட்டும் ஒன்று, அது எப்படி என்று மடக்கினார். கடைசி பெஞ்சில் மஞ்சள் பை தெரிந்தது. முனிரத்தினம் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மொதல்ல வெச்சது சரியா வுழலீங்க. பஸ் ஸ்டாப்புல மறுபடி வெச்சாரு, பாத்தேன். அப்புறம் அவரு எதிர்லதான் நான் கையெழுத்து போட்டேன்."

பஸ் வரவில்லையா என்று கேட்டார் வக்கீல். வந்தது, விட்டுவிட்டேன் என்றான். அந்த ஒரு பொய்யைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் உடைந்தது. நீதிபதி அதை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அடுத்த மாதம் வீடு சரோஜாவுக்கு என்று தீர்ப்பானது. அவள் தேங்காய் பழத் தட்டோடு வந்து நின்றபோது, இனி பெரியவர் நிம்மதியாகப் போய்விடுவார் என்று முனிரத்தினம் நம்பினான்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் நின்றுகொண்டிருந்தார். கட்டை விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தாளை நீட்டினார்.

திருப்பத்தில் பஸ் தெரிந்தது. வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார், உள்ளேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நான் வரல, நீங்க போங்க," என்றான் முனிரத்தினம்.

பஸ் போய்விட்டது. அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். "குடு பெரிப்பா, இப்பவே போடறேன்," என்று கையை நீட்டினான்.

பெரியவர் தாளை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரிப்பா, நாளைக்கு வரேன்," என்றார்.