இருநூறு மில்லி

அருள்மொழி சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துச் சத்துமாவுக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மூக்குக் குழாய் வழியே பாதி இறங்குவதற்குள் அப்பா சுப்பராயலுவுக்குக் குமட்டியது. போனதெல்லாம் வாய்வழியே திரும்பி வந்து கழுத்தில் வழிந்தது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துடைத்துவிட்டாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"மெதுவா ஊத்து அருளு. நீ அவசரப்படுற" என்றான் அண்ணன் இளவரசு, கதவருகே நின்றபடி.

"நீ வந்து ஊத்தேன்."

அவன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

குமராட்சிக்கும் சிதம்பரத்துக்கும் பத்து வருடம் மினிபஸ் ஓட்டிய மனிதர். வயிற்றில் வந்த புற்று ஈரல்வரை பரவிவிட்டது. கைகள் குச்சியாகிவிட்டன, வயிறும் கால்களும் நீர்கோத்துப் பளபளத்தன. இந்தக் கடலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா திங்கட்கிழமையே உடைத்துச் சொல்லிவிட்டார்.

"இனிமே சாப்பாடு ஒடம்புல ஒட்டாதும்மா. குழாய் போட்டா தொந்தரவுதான் ஜாஸ்தி. அவருக்குப் பசியும் தெரியாது. வாய மட்டும் நனைச்சு வுடுங்க, போதும்."

மறுநாள் சென்னையிலிருந்து வந்திறங்கிய இளவரசு கேட்கவில்லை. "பெத்த அப்பனப் பட்டினி போட்டு சாவ வுட்டானுவோன்னு ஊர்ல பேசுவாங்க. நீங்க குழாயப் போடுங்க" என்று டாக்டரிடம் ஒற்றைக்காலில் நின்றான். கையெழுத்தும் அவனே போட்டான். அப்பா இரண்டு முறை குழாயைப் பிடுங்கி எறிந்த பிறகு, அவருடைய மணிக்கட்டுகளைக் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று மதியம் இரண்டு மணிக்கு இளவரசு சாப்பிடப் போயிருந்தான். சிரிஞ்சோடு வந்தவளைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் பாப்பா."

குரலே வரவில்லை. உதடுதான் அசைந்தது.

"எங்கிட்டயே சொல்லுங்க! எல்லாத்தயும் எங்கிட்டயே சொல்லுங்க. ஒங்க மவன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

சொன்ன பிறகுதான் தன் சத்தம் அவளுக்கே கேட்டது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் டம்ளரிலிருந்த கரைசலை வாஷ்பேசினில் கொட்டினாள். கட்டிகட்டியாகத் தேங்கி நின்றதை விரலால் தள்ளி, தண்ணீரைத் திறந்துவிட்டாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கணக்குத் தாளில், '2 மணி, 200 மில்லி' என்று எழுதினாள். பிறகு அவருடைய வலது கைக் கட்டை அவிழ்த்தாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்ததும் அவர் சப்பினார். மறுபடி நனைத்து வைத்தாள். அவிழ்ந்த கை மூக்குப் பக்கம் போகவில்லை. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

நாலரைக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. பிறகு வரவில்லை.

நர்ஸ் குழாயை உருவி எடுத்தாள். இளவரசு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அழுகை கொஞ்சம் அடங்கியதும், கட்டிலில் தொங்கிய தாளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாமாவிடம் போனில் பேசினான்.

"கடைசி வரைக்கும் குடுத்தோம் மாமா. ரெண்டு மணிக்குக்கூட எரநூறு மில்லி முழுசா எறங்கியிருக்கு. வாந்திகூட எடுக்கல. பசியோட போவல மாமா எங்கப்பா."

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அப்பிடித்தான அருளு?"

அப்பாவின் மூக்கிலும் கன்னத்திலும் பிளாஸ்திரியின் பசை ஒட்டியிருந்தது. அருள்மொழி தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பசை கறுப்புக் கறுப்பாகத் திரண்டு வந்தது.