பிளாஸ்டிக்குக்கு அடியில் தண்ணீர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரெனாட்டா என் முகத்துக்கு நேராகச் சொன்னாள், நான் அமுக்கிக்கொண்டேன்.

எங்கள் பேஸ்மென்ட்* தரைக்குப் பூச்சு போட வந்தவள் அவள். எங்கள் ஏரிக்கரை ஊரான ஷிபாய்கனில் பாதி வீடுகளின் அடித்தரை அவள் கைபட்டதுதான். வந்ததும் ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின்மேல் விரித்து, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள். ஒருநாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பாளாம். அடியில் ஈரம் கட்டியிருந்தால் தரை மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட தரையில் எந்தப் பூச்சைப் போட்டாலும் வெயிலில் காய்ந்த தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

"இந்தத் துண்டு பிளாஸ்டிக் ஒரு ஆள அரிசோனாவுக்கே அனுப்பி வச்சிருக்கு, தெரியுமா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டை விற்கப் பார்த்தார். தரைக்குப் பூச்சு போட்டால் வீடு சீக்கிரம் போகும் என்று தரகர் சொன்னார். ரெனாட்டா மூன்று முறை பிளாஸ்டிக் ஒட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் தண்ணீர். என்னால் முடியாது, அப்படியே விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவரும் விற்றுவிட்டு அரிசோனாவிலிருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் 'அரிசோனா' என்று சொன்னபோது, டேப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கட்டைவிரல் நின்றுவிட்டது. எனக்கு அது போதும்.

(* நிலவறை என்று எழுதலாம்தான். ஆனால் நிலவறை என்றால் ராஜா கதையில் ஆளைப் பிடித்து அடைக்கிற இடம். இவர்கள் அங்கே துணி துவைக்கிறார்கள், மான்கறியை உறையவைக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். பேஸ்மென்ட் என்றே இருக்கட்டும்.)

2

ஆரம்பங்கள்:

'ஏரியிலிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு' (இந்த ஊரில் காற்றைப் பற்றிப் பேசாமல் யாரும் பால்கூட வாங்குவதில்லை. வேண்டாம்.)

'ரெனாட்டாவுக்குக் காதலிக்கத் தெரியாது என்று சொல்பவர்கள்' (யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. வம்பு.)

'மார்லிஸ் இறந்தபிறகு வியாழக்கிழமைகள்'

இது தேவலை. அவருக்கு வெண்டல் என்று பெயர் வைத்தேன், இறந்துபோன மனைவிக்கு மார்லிஸ் என்று. ரெனாட்டா என்ற பெயரை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை சீட்டாட்டம் பற்றியும் அவள்தான் சொன்னாள், நான் கிண்டிக் கிண்டிக் கேட்டபிறகு.

வெண்டல் வீட்டு பேஸ்மென்டில் ஒரு சின்ன பார், பிராந்தி, வட்ட மேசை. ஐந்து பேர் ஷீப்ஸ்ஹெட் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள்: வெண்டல், மார்லிஸ், பக்கத்து வீட்டுத் தம்பதி, விவாகரத்தான ரெனாட்டா. இந்த ஊர்க்காரர்களைப் புரிந்துகொள்ள இந்த ஆட்டம் ஒன்று போதும். ஒருவர் ஆட்டத்தை எடுத்து மற்றவர்களுக்கு எதிராக ஆடுவார். டைமன் ஜாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆட்டத்தை எடுத்தவருக்குக் கூட்டாளி. ஆனால் கூட்டாளி அதைச் சொல்லக்கூடாது. கண்ணைக்கூடக் காட்டக்கூடாது. அந்தச் சீட்டு மேசையில் விழும்வரை எதிராளி மாதிரியே மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பல் முளைத்த நாளிலிருந்து இதைப் பழகுகிறவர்கள் மனதில் இருப்பதை எங்கே சொல்லப் போகிறார்கள்?

மார்லிஸ் போனபிறகு வெண்டல் யாரையும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போக ரெனாட்டாவுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து திரும்பும்போது அவர் தெரு வழியாக வண்டியை விடுவாள். தரையோடு ஒட்டிய அந்தச் சின்ன ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் உடனே வேகத்தைக் கூட்டிவிடுவாள்.

(வெளிச்சத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் போட்டேன். படித்துக் காட்டியபோது அவள் மறுக்கவும் இல்லை.)

3

முதல் வரைவு. இதைப் படித்துக் காட்டியது எங்கள் தரையில் ஈரமில்லை என்று பார்த்து, அதை அவள் மெஷின் வைத்துத் தேய்த்து முடித்த அன்று. வீடெங்கும் சிமென்ட் தூசி. இருவரும் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து ஹாம் வைத்த பன் தின்றுகொண்டிருந்தோம்.

*

ரெனாட்டா மண்டியிட்டு டேப்பை உரித்தாள். பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் காய்ந்திருந்தது. தரை வெளுப்பாக, ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. வெண்டல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரென்னி, தேறுமா?"

தேறும். இன்றைக்கே ஆரம்பிக்கலாம். இரண்டே நாளில் முடிந்துவிடும். முடிந்தால் வீடு போகும், வீடு போனால் இவரும் போவார். அவள் பிளாஸ்டிக்கை அவசரமாகச் சுருட்டினாள்.

"ஈரமா இருக்கு, வெண்டல். இன்னும் கொஞ்சம் காயட்டும். அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

"அப்ப சரி. பிராந்தி ஒண்ணு கலக்கட்டுமா?"

"வண்டி ஓட்டணும்." ஒரு நிமிடம் கழித்து, "சின்னதா" என்றாள்.

*

(அவர்கள் மொழியில் நீ, நீங்க எல்லாம் ஒரே சொல்தான். தமிழில் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வெண்டல் அவளை 'நீ' என்பார், அவர் வயதுக்கு அவள் 'நீங்க' என்பாள். எப்போதாவது ஒருமுறை அவளுக்கு வாய்தவறி 'நீ' வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடைசிவரை இடம் கிடைக்கவில்லை.)

ரெனாட்டா பன்னைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய் எழுத்தாளரம்மா, வாய்க்கு வந்தத எழுதுவியா? நான் காஞ்ச தரைய ஈரம்னு சொன்னேனா?"

"கதைதானே ரென்னி."

"உனக்குக் கதை, எனக்குப் பொழப்பு. தரை விஷயத்துல ஒருத்தங்கிட்டயும் நான் பொய் சொன்னதில்ல. அவர்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, ஒத்துக்கறேன். ஆனா சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமே வரல, தண்ணி நெஜமாவே இருந்துச்சு. மூணு தடவையும்."

"அதுல உனக்குச் சந்தோஷமா?"

"மொத தடவை ரொம்ப சந்தோஷம்." சிரித்தாள். "ரெண்டாந்தடவை வெக்கமா இருந்துச்சு. மனுஷன் கெளம்பறதுக்கு வழி தெரியாம நிக்கறார், நான் ஓசி பிராந்திக்கு வந்து போறேன்னு. மூணாந்தடவை நானே முடிச்சு விட்டுட்டேன். போறவர எதுக்குப் பிடிச்சு வைக்கணும்?"

எழுந்து போய்த் தூசி உறிஞ்சும் மெஷினைப் போட்டாள். அதன் சத்தத்தில் மேற்கொண்டு எதுவும் பேச முடியாதபடி பார்த்துக்கொண்டாள்.

4

கோபம் வந்துவிட்டது எனக்கு. அவள்மேல் அல்ல, கதைமேல். அவள் பொய் சொல்லவில்லை என்றால் கதையே இல்லை. தரை ஈரம், ஆள் போய்விட்டார். இதை யார் படிப்பார்கள்?

அவள் சாம்பல் நிற அடிப்பூச்சைப் பரப்பி, பூச்சு கெடாமலிருக்க ஆணி வைத்த செருப்போடு அதன்மேல் நடந்து கோழிக்குத் தீனி இறைப்பதுபோல் வண்ணச் சில்லுகளை வீசிக்கொண்டிருந்த நாள் முழுவதும் நான் மேலே சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். சாயங்காலம்தான் அந்த எண்ணம் வந்தது. பொய் சொல்ல அவளால் முடியாது. சரி, வெண்டலால்?

இரண்டாம் வரைவு. மறுநாள் அவள் மேல்பூச்சு போட்டு முடித்துப் படிக்கு வந்து உட்கார்ந்ததும் படித்தேன். கீழே தரை முழுவதும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

*

ரெனாட்டாவின் வண்டி தெருமுனை திரும்பும்வரை வெண்டல் காத்திருந்தார். பிறகு பாருக்குப் பின்னால் போய், பிராந்தி கலக்கும் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்தார். மண்டியிடுவது அவருக்குச் சுலபமாக இல்லை. அவள் ஒட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக்கின் ஒரு மூலையில் டேப்பை நகத்தால் கிளப்பித் தண்ணீரை உள்ளே விட்டு மறுபடி அழுத்தி ஒட்டினார். மகள் போனில் கேட்டபோது, "தரை இன்னும் காயலம்மா, ரென்னி அடுத்த வாரம் வரேன்னிருக்கா" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

ரெனாட்டா வந்து பிரித்துப் பார்த்தாள். "முடியாது வெண்டல். இந்தத் தரைய நம்பி நீங்க காத்துட்டிருக்க வேணாம். அப்படியே வித்துட்டுக் கெளம்புங்க."

அவர் ஈரப் பிளாஸ்டிக்கைச் சுருட்டி அவளிடம் கொடுத்தார். "நீ சொன்னா சரி, ரென்னி" என்றார்.

*

படித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். மறுபடி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நீ சொன்னா சரி," என்றாள். "இது உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன்."

"இதையேதான் சொன்னார்."

"எல்லாரும் சொல்றதுதானே அது?"

"தரைக்குள்ள இருந்து தண்ணி வந்தா எப்படி இருக்கும் தெரியுமா? பிளாஸ்டிக் அடியில வேர்த்திருக்கும், பொடிப்பொடியா. கான்கிரீட் முழுக்க ஒரே மாதிரி கறுத்திருக்கும். அவர் வீட்டுல அப்படி இல்ல. ஒரு பக்கமா தேங்கி நின்னுச்சு. மத்த பக்கம் தரை காஞ்சு வெளுத்துக் கெடந்துச்சு. அது அக்டோபர் வேற, அந்த மாசம் மழையே இல்ல." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தேன். இந்தக் கண்ணாலதான் பாத்தேன். என்னடா இதுன்னு நெனச்சேன். ஆனா அவர் போகத்தான் துடிக்கறார்ங்கற நெனப்புல இருந்தேன். இல்லேன்னா இது தெரியாதா எனக்கு?"

என் வீட்டுக்காரர் தரையில் ஈரத்தைப் பார்த்தால் துணியை எடுத்து என்னிடம் நீட்டுவார். எனக்காக யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. நான் சும்மா எழுதிய வரி அது. ஒருவேளை அந்த மூலையில் குழாய் கசிந்திருக்கலாம். அதையும் சொன்னேன்.

"அந்த மூலைப் பக்கம் குழாயே கெடையாது," என்றாள்.

5

முடிவுகள். அவளை அழவைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

வெண்டல் திரும்பி வருகிறார்.

"வீட்ட வித்தாச்சு. வந்து எங்க தங்குவார், என் வண்டியிலயா?" என்றாள். பிறகு பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் பார்த்தாள்.

ரெனாட்டா அரிசோனாவுக்குப் போகிறாள்.

"அங்க வீட்டுக்கு பேஸ்மென்டே கெடையாதாம். நான் போய் என்ன பண்ணுவேன், மணல்ல பூச்சு போடவா?"

சரி, ஒன்றுமே நடப்பதில்லை. வியாழக்கிழமைகளில் அவள் அந்தத் தெரு வழியாகப் போகிறாள். ஜன்னலில் வேறு யாரோ வெளிச்சம் போட்டிருக்கிறார்கள்.

"அதுதான் இப்ப நடந்துட்டிருக்கே," என்றாள். "அத எழுத நீ எதுக்கு?"

போனைக் கையில் எடுத்தாள். அவர் பெயரைத் தேடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தினீங்களான்னு நான் கேட்டா அவர் என்ன சொல்வார்? நீதான எழுதுற, சொல்லு."

"தெரியல, ரென்னி."

"பிரமாதமான எழுத்தாளர்தான் போ," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தரையில கால் வைக்கக்கூடாது. உன் வீட்டுக்காரருக்கும் சேத்துதான் சொல்றேன்."

படியேறிப் போய்விட்டாள். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் இதைப் படியில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர்ச்சுவரின் உச்சியில் இருக்கும் ஜன்னல் வழியாக அவளுடைய பூட்ஸ் மட்டும் தெரிகிறது. முகம் தெரியவில்லை. பூட்ஸ் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகிறது, புல்லை உதைக்கிறது. தூசி விழக்கூடாது என்று ஜன்னலையும் அவள் சாத்தி வைத்திருக்கிறாள். போனில் என்ன பேசப் போகிறாள் என்று கேட்க வேண்டுமானால் ஜன்னலடிக்குத்தான் போகவேண்டும். நடுவில் காயாத தரை.

இங்கே நான் எதையாவது எழுதிவிடலாம். 'வெண்டல் எடுத்த எடுப்பிலேயே' என்று ஆரம்பித்தும் பார்த்தேன். வேண்டாம். நான் எழுதுவது பலிக்கிறதோ என்று இப்போது பயமாக இருக்கிறது, பலிக்காமல் போனால் அதைவிடப் பயம்.

பூட்ஸ் நின்றுவிட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அசையாமல். போனை அந்த முனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

படிக்கிற உங்களுக்குக் கேட்டே ஆகவேண்டுமென்றால் ஜன்னலடிக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை. தரையில் உங்கள் தடம் பதிந்தால் பதியட்டும். அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.