எங்கள் தெருவில் பதினேழு புள்ளிகள்

திரையில் பெரம்பலூர் வரைபடம் விரிந்ததும் என் கண் நேராக எங்கள் தெருவுக்குத்தான் போனது. அங்கே பதினேழு சிவப்புப் புள்ளிகள் ஈ மொய்த்தது போல் கிடந்தன.

"பைக் திருட்டு இங்கதான் அதிகம்," என்றார் பயிற்சி கொடுக்க வந்திருந்த பரணிதரன் சார். குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, எங்கே ரோந்து விடுவது என்று மூன்று நாளாக ஸ்டேஷனில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார்.

இன்ஸ்பெக்டர் அமிர்தலிங்கம் உடனே உத்தரவே போட்டுவிட்டார். "திங்கக்கிழமை அந்தத் தெரு வயசுப் பசங்க எல்லாரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி கைரேகை எடுத்துடுங்க."

என் தம்பி கலைச்செல்வன் போலீஸ் தேர்வில் தேறி, நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருக்கிறான். அந்தக் கைரேகை லிஸ்ட்டில் பெயர் ஏறினால் வேலை கோவிந்தா.

இதில் பெரிய கேவலம், புள்ளிகளை வைத்தவளே நான்தான். ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கான்ஸ்டபிள் சத்யப்பிரியா. இரண்டே நாளில் இருநூறு வழக்குகளை ஏற்றச் சொன்னார்கள். சம்பவ இடம் 'கடைவீதி அருகில்' என்று மொட்டையாக இருந்தால் என்ன செய்வது என்று ரைட்டர் ராசாங்கத்திடம் கேட்டேன். "பிடிபட்டவன் அட்ரஸப் போட்டுவுடும்மா, அது தெளிவா இருக்கும்ல," என்றார். போட்டேன். சந்தேகத்தில் பிடித்து வந்ததெல்லாம் எங்கள் தெருப் பையன்களை. தெரிந்த இடமாயிற்றே, விரல் தேடாமலே ஓடியது. அந்த விரலை ஒடித்தால் தேவலை.

காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சசிகலா தொடையில் தட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், குடிக்காமல் மூடினேன். டீ வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

"சார், அது திருட்டுப் போன எடம் இல்லீங்க. பிடிபட்டவங்க வூட்டு அட்ரஸ். நான்தான் தப்பா ஏத்திட்டேன்."

மெமோ வரும். வரட்டும். பரணிதரன் சார் ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரையும் திறந்து பார்த்தார். புள்ளிகள் நகர்ந்தன. பஸ் ஸ்டாண்டில் ஆறு, கடைவீதியில் ஏழு, மிச்சம் பாலக்கரைப் பக்கம். எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ எந்தத் தெரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தத் தெருதாங்க சார்."

"வூட்டுல வயசுப் பசங்க?"

"தம்பி ஒருத்தன்."

"புள்ளி எங்க போனா என்னம்மா, புடிச்சதெல்லாம் அந்தத் தெரு ஆளுங்கதானே? திங்கக்கிழமை உன் தம்பிய நீயே கூட்டிட்டு வந்துடு. மத்தவங்க தானா வருவாங்க."

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பதினேழுல ஒரு கேஸாவது கோர்ட்டுல நின்னுச்சாங்க சார்?"

இன்ஸ்பெக்டர் பரணிதரன் சாரைப் பார்த்தார். பரணிதரன் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பியக் கூட்டிட்டு வரமாட்டேங்க சார். அவன் என்ன பண்ணான்னு எழுதி நோட்டீஸ் குடுங்க. அவனே வருவான்."