வலது பக்கம் விழுந்த டிக்

காப்பீட்டு அட்டை எடுப்பீர்களா என்று போனில் கேட்டால் எதிர்முனையில் முதலில் ஒரு மூச்சு விடுவார்கள். பதில் அந்த மூச்சிலேயே இருக்கும். பேருந்துகளில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற மனிதருக்கு, சொந்தக்காரர்கள் 'செக்கிங்' என்றே அழைக்கும் அவருக்கு, அந்த மூச்சைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனைவியின் இடது சிறுநீரகத்தில் ஏதோ நிழல் மாதிரித் தெரிகிறதாம். பெரிய ஸ்கேன் எடுத்து, ஸ்கேன் டாக்டர் ஒருவர் படித்து எழுதிய ரிப்போர்ட்டோடு திங்கட்கிழமை வந்தால்தான் கத்தி வைப்பதா வேண்டாமா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார் சர்ஜன். கையில் இருந்தது அரசாங்கக் காப்பீட்டு அட்டை ஒன்றுதான்.

முதல் இடத்தில் அட்டை உண்டு, இந்த ஸ்கேனுக்கு மட்டும் கிடையாது. இரண்டாவது இடத்தில் அடுத்த மாதம் கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் மெஷின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தது, படத்தைப் படிக்கும் டாக்டர் சேரவில்லை. அப்படியானால் படத்தை நானா படிப்பது என்று செக்கிங் கேட்டதற்கு, அது உங்கள் விருப்பம் சார் என்றாள் போனில் பேசிய பெண். நான்காவது இடத்துக்கு நேரிலேயே போனார். கண்ணாடிக் கட்டடம், சுவரிலேயே அருவி. தலைமை இயக்குநர் ஆளுயரப் படத்தில் கைகட்டிச் சிரித்தார். கீழே 'வருகிற ஒவ்வொருவரும் எங்கள் குடும்பம்' என்று பொன்னெழுத்து. அட்டையை நீட்டியதும் கவுண்டரிலேயே உறவு முறிந்தது.

இப்படி ஏழு இடம். எட்டாவது, டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஸ்கேன் சென்டர். கேட்டவுடனே, "எடுப்போம் சார், காலையில வாங்க" என்றார்கள். மூச்சே விடவில்லை.

செக்கிங்குக்கு அதுதான் உறுத்தியது. ஏழு பேர் தொடப் பயப்படுகிற அட்டையை இவன் மட்டும் ஏன் ஓடிவந்து வாங்குகிறான்? உள்ளே டாக்டரே இருக்க மாட்டார், யாரோ ஒருவன் ஒரே ரிப்போர்ட்டைப் பெயர் மாற்றி அச்சடித்துக்கொண்டிருப்பான் என்று பேருந்தில் போகும்போதே முடிவுகட்டிவிட்டார்.

மனைவி உடை மாற்ற உள்ளே போனதும், டாக்டரைப் பார்க்கலாமா என்று கவுண்டரில் விசாரித்தார். டாக்டர் படத்தைத்தான் பார்ப்பார், ஆட்களைப் பார்க்க மாட்டார் என்றாள் கவுண்டர் பெண். சந்தேகம் ஊர்ஜிதமானது. அவள் நீட்டிய பாரத்தில் 'எந்தப் பக்கம்' என்று இரண்டு கட்டங்கள். செக்கிங் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வலது கட்டத்தில் டிக் அடித்தார். அசல் டாக்டர் என்றால் கோளாறு இடதில் இருப்பதைக் கண்டுபிடிக்கட்டும். போலி என்றால் வலதில் கோளாறு என்று எழுதி மாட்டிக்கொள்வான். சர்ஜனின் சீட்டு கோழி கிளறியது போல் இருந்ததால் கவுண்டர் பெண் பாரத்தைப் பார்த்தே கணினியில் ஏற்றினாள். செக்கிங் வலை விரித்த வேடனைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அனுமதி கொடுத்தது வலது பக்கத்துக்கு, டாக்டர் எழுதியிருப்பது இடது பக்கத்தைப் பற்றி, காப்பீட்டுக் கணினி ஏற்கவில்லை, ரிப்போர்ட்டைத் தர முடியாது. நோயாளி நேரில் வந்து திருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று: டாக்டர் உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

மனைவியிடம் சொல்லாமல் முடியாது. சொன்னார். அவள் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கிறேன்னு, டிக்கெட் வச்சிருந்த என்னை நடு ரோட்டுல இறக்கி விட்டுட்டீங்க. திங்கட்கிழமை நான் எதைக் கொண்டுபோய்க் காட்டுறது?"

செக்கிங் அட்டையை எடுத்துக்கொண்டு அவளோடு மறுபடி பேருந்து ஏறினார்.

ஸ்கேன் டாக்டரின் அறையில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடி இருட்டாக இருந்தது. ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்ட சின்ன உருவம்; பக்கத்தில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

"தெரியாம அடிச்சீங்களா, வேணும்னே அடிச்சீங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

"வேணும்னேதாங்க."

"எதுக்கு?"

"உள்ள டாக்டர் இருக்காங்களான்னு பார்க்க."

டாக்டர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். "இருக்கேன்."

மற்றவர்கள் எடுக்காத அட்டையை நீங்கள் மட்டும் ஏன் எடுக்கிறீர்கள் என்று செக்கிங் அப்போதும் விடாமல் கேட்டார். ஏன் எடுப்பதில்லை என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றாள். தன் டிக்கினால் வலது சிறுநீரகத்தையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்திருப்பீர்களே என்று தனக்கொரு நன்மதிப்பு தேடப் பார்த்தார். ரெண்டையும் எப்போதும் பார்ப்போம் என்று அதையும் பிடுங்கிக்கொண்டாள். பிறகு மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணினித் திரையைத் திருப்பினாள்.

"இதாம்மா. மூணு சென்டிமீட்டர். கட்டிதான், நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெளிய எங்கயும் பரவலை. இப்ப எடுத்துட்டா நல்லது. தள்ளிப் போடாதீங்க."

செக்கிங் எட்டிப் பார்த்தார். டாக்டரின் விரல் திரையில் வலது பக்கம் இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுத்தது.

"டாக்டர், நீங்க வலது பக்கம்ல காட்டுறீங்க?"

"படத்துல அவங்க நம்மளைப் பார்த்தபடி இருக்காங்க. எதிர்ல நிக்கிறவங்களோட இடது, நமக்கு வலது." டாக்டருக்குக் கோபம்கூட வரவில்லை.

செக்கிங் மனைவியின் எதிரே போய் நின்று தன் கையைத் தூக்கி, அவள் கையைப் பார்த்து, சரிபார்த்துக்கொண்டார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடாமல் பிடித்து இழுத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. அப்போதுதான் 'கட்டி' என்ற வார்த்தை அவர் காதில் முழுசாக விழுந்தது.

திருத்தக் கடிதத்தில் 'பிழைக்கான காரணம்' என்று ஒரு வரி இருந்தது. பேனா அங்கே வந்து நின்றுகொண்டது.

"உள்ளதை எழுதுங்க," என்றாள் மனைவி.

"கவனக்குறைவுன்னு போடுங்க," என்றாள் டாக்டர். "உள்ளதை எழுதினா திங்கட்கிழமைக்குள்ள அனுமதி வராது."

செக்கிங் 'கவனக்குறைவு' என்று எழுதினார். பணியில் இருந்தபோது அந்தச் சொல்லை எழுதித் தந்த ஒருவரையும் அவர் நம்பியதில்லை. மனைவி கையெழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் அனுமதி வந்து, நான்கு பக்க ரிப்போர்ட்டும் வந்தது. படித்துப் பார்க்க அவர் கை நீட்டினார். அவள் அதை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.